‘மன’ என்ற முன்சேர்க்கை: அழுத்தக் கோட்பாட்டின் வரலாறும் காளவாசல் வெக்கையும்

காளவாசல் என்றதும் மதுரைக்காரர்களின் நினைவுக்கு வருவது தேனி சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கும் இடமும் அங்கே எழுந்துவிட்ட மேம்பாலமும்தான். நகரைத் தாண்டி வைகைச் சமவெளியின் ஊர்களில் அதே சொல்லுக்குச் செங்கல் சுடும் இடம் என்று பொருள். வடமாவட்டங்கள் சூளை என்பதைத் தென்மாவட்டங்கள் காளவாசல் என்கின்றன. மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நிலத்தில், அடுக்கிச் சுட்ட கல்லின் அனல் பக்கத்திலேயே இருக்க, குடும்பமாக நின்று கல் அறுப்பவர்களின் உடம்புக்கும் மனசுக்கும் பொருந்தும் ஒரு சொல் நம் பேச்சில் உண்டு: புழுக்கம். காற்று அசையாத மதியம் புழுக்கம். வெளியே சொல்ல வழியில்லாத கவலை மனப்புழுக்கம். வெறும் சூட்டை யாரும் புழுக்கம் என்பதில்லை. சூடும் வேண்டும், அது வெளியேற வழியில்லாமலும் இருக்க வேண்டும். உடல்நல உளவியல் என்ற துறை ‘ஸ்ட்ரெஸ்’ என்ற கருத்தை வரையறுக்க ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பாடுபட்டிருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது, சுமை ஒருபக்கம், சுமையைக் குறைக்கவோ விட்டு விலகவோ உள்ள வழி மறுபக்கம் என்ற இந்த இரட்டை அமைப்பை அது கண்டுபிடிப்பதும் பிறகு ஒரு பாதியைத் தொலைப்பதுமாக இருந்து வந்திருப்பது தெரிகிறது. பாதி தொலைந்த ஒவ்வொரு முறையும் அதற்கான விலையைச் சுமப்பவரே கொடுத்தார் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இயற்பியலிலும் உளவியலிலும் ஒரே சொல் புழங்குகிறது. தமிழில் அப்படி இல்லை. பதினோராம் வகுப்பு இயற்பியல் நூல் அதைத் தகைவு என்கிறது. அதனால் பொருளில் ஏற்படும் உருமாற்றம் திரிபு. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் வகுத்த விதி இவ்விரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்வது. தகைவு என்பது வெளியிலிருந்து வரும் விசை அல்ல; விசைக்கு எதிராகப் பொருளுக்குள் எழும் எதிர்ப்பின் அளவு. அதாவது சுமையும் பொருளின் தன்மையும் சேர்ந்து பிறப்பிக்கும் ஓர் உறவு. உளவியலுக்கு வந்தபோது தமிழ் இச்சொல்லை எடுக்கவில்லை. அழுத்தம் என்றது, அதன் முன்னே ‘மன’ என்று சேர்த்தது. அழுத்தம் வெளியிலிருந்து வருவது, ஆனால் அது நிகழும் இடம் மனம் என்று ஒரு சொல்லிலேயே முடிவாகிவிட்டது. இன்று நாளிதழ்களில் மனச்சோர்வு நோய்க்கும் மனஅழுத்தம் என்றே எழுதுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்குப் ‘பிரஷர்’ என்றும், நெருக்கடிக்கு ‘டென்ஷன்’ என்றும் தெருவில் வழங்கும் பிரிவுகூட அச்சில் குழம்பிவிடுகிறது. இந்தக் குழப்பம் நம்முடையது மட்டுமல்ல. கோட்பாட்டின் தந்தையாகக் கருதப்படும் ஹான்ஸ் செல்யே, ஆங்கிலச் சொற்களின் நுட்பம் அப்போது தமக்குத் தெரிந்திருந்தால் திரிபைக் குறிக்கும் சொல்லையே எடுத்திருப்பேன் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். சொல்லைத் திரும்பப் பெற முடியாததால் காரணிக்கு ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று தனிச்சொல் உண்டாக்க வேண்டியதாயிற்று.

செல்யே 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எலிகளைக் குளிரில் வைத்தார், அறுவையால் காயப்படுத்தினார், அளவுக்கு மீறி ஓடவைத்தார், மருந்துகளைச் சாகாத அளவில் செலுத்தினார். எதைச் செய்தாலும் உடலில் ஒரே மூன்று மாற்றங்கள்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. தாக்குவது எதுவானாலும் உடலின் பதில் ஒன்றே என்பது அவர் முடிவு. எச்சரிக்கை, எதிர்ப்பு, தளர்ச்சி என்று மூன்று நிலைகளை அதில் கண்டார். அவருக்கு முன்பே வால்டர் கேனன், 1915இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் உடலைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தப்படுத்துவதைக் காட்டியிருந்தார். கேனனின் விலங்குக்குச் சண்டையிடவும் ஓடவும் வழி இருந்தது. செல்யேயின் எலிக்கு எந்த வழியும் இல்லை; அது கூண்டில் இருந்தது. இந்த வேறுபாட்டை அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தளர்ச்சி நிலை என்பது தாக்குதலின் தன்மையா, அல்லது தப்ப முடியாத தாக்குதலின் தன்மையா என்ற கேள்வியை 1936இலேயே கேட்டிருக்க முடியும். கேட்டிருந்தால் இத்துறையின் பாதை வேறாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்தவர் வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தின் ஜான் மேசன். அவருடைய ஆய்வு காளவாசலைப் பற்றிப் பேசுபவருக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியமானது, ஏனென்றால் அவர் எடுத்துக்கொண்ட தாக்குதல்களில் வெப்பமும் ஒன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அவர் குரங்குகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார். பக்கத்துக் குரங்குகள் தின்னும்போது பட்டினி கிடந்த குரங்கின் உடலில் கார்டிசால் வகை ஹார்மோன்கள் உயர்ந்தன. தனியே வைத்து, சத்தில்லாத ஆனால் உணவு போலத் தோன்றும் உருண்டைகளைக் கொடுத்தபோது, பட்டினி அதே பட்டினிதான், உயர்வைக் காணோம். வெப்பத்திலும் அப்படியே. திடீரென்று சூடாக்காமல் சிறிது சிறிதாக ஏற்றியபோது ஹார்மோன் அளவு உயரவில்லை, குறையவும் செய்தது. செல்யே கண்டது உடல் எதற்கும் தரும் பொதுப் பதில் அல்ல, ஆய்வகத்தில் விலங்குக்கு நேர்ந்த கலக்கத்தின் பதில் என்றார் மேசன். இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்குப் போகலாம். வெப்பத்தில் அழுத்தம் இல்லை, அதை உணரும் மனத்தில்தான் இருக்கிறது என்பது ஒன்று. துறை பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தது. வெப்பம் எப்படி, எந்த ஏற்பாட்டில், எவ்வளவு வேகத்தில் உயிரின்மேல் வைக்கப்படுகிறது என்பதில் அழுத்தம் இருக்கிறது என்பது இன்னொன்று. மேசனின் குரங்குகளுக்குச் சூட்டைப் பழகிக்கொள்ள நேரம் கொடுக்கப்பட்டது. அந்த நேரத்தைக் கொடுத்தது குரங்கின் மனமல்ல, ஆய்வாளர்.

இதற்கிடையே, 1967இல் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ரஹேயும் வாழ்க்கை நிகழ்வுகள் 43ஐ வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுத்தார்கள். துணையின் மரணம் 100, திருமணம் 50. இந்தியாவில் குர்மீத் சிங்கும் உடன்பணியாற்றியவர்களும் 1984இல் 51 நிகழ்வுகள் கொண்ட பட்டியலை உருவாக்கினார்கள். அதில் துணையின் மரணம் 95. அமெரிக்கப் பட்டியலில் இல்லாத பல வரிகள் இதில் உண்டு: மகப்பேறின்மை, ஆண்பிள்ளை இல்லாமை, வரதட்சணைத் தகராறு, மகள் அல்லது தங்கையின் திருமணம், பயிர் அழிவு, சோதிடரின் தீய வாக்கு. நம் சமூகத்தின் சுமைகளை அளவுகோலே காட்டிக்கொடுத்தது என்ற வகையில் இது மதிப்புள்ள வேலை. ஆனால் நிகழ்வுப் பட்டியல் நிகழ்ந்ததை மட்டுமே எண்ணும். ஒவ்வொரு நாளும் நிகழ்ந்துகொண்டே இருப்பதற்கு, அதாவது வெக்கைக்கும் வட்டிக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும், அதில் தேதி இல்லை. தேதி இல்லாததற்கு மதிப்பெண்ணும் இல்லை.

ரிச்சர்ட் லசாரஸ் 1966இல் எழுதிய நூலும், 1984இல் சூசன் ஃபோக்மனுடன் சேர்ந்து எழுதிய நூலும் உடல்நல உளவியலின் மையமாயின. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தில் இத்துறைக்கென்று தனிப்பிரிவு 1978இல் வந்திருந்ததால் கருத்துக்கு வீடும் கிடைத்தது. அவர்கள் பார்வையில், இது எனக்கு ஆபத்தா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்வது முதல் மதிப்பீடு. இதைச் சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. சுமை, கையிருப்பை விஞ்சுவதாக ஒருவர் மதிப்பிடும் உறவே அழுத்தம் என்றார்கள். இந்த வரையறை நுட்பமானது. இரண்டாவது மதிப்பீட்டில், கையிருப்பு என்ற சொல்லில், பணம், உறவு, அதிகாரம், நேரம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் நடைமுறைக்கு வந்தபோது மதிப்பீடு என்பது நினைப்பு என்றாகி, நினைப்பை மாற்றினால் அழுத்தம் மாறும் என்று சுருங்கிவிட்டது. ஸ்டீவன் ஹாப்ஃபால் 1989இலேயே இதை மறுத்து, இழப்பது உண்மையான வளங்களை, அந்த இழப்பே அழுத்தம் என்றார். கல்லூரிகளின் ஆய்வேடுகளும் நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளும் அவரை அவ்வளவாகக் கேட்கவில்லை. மூச்சுப்பயிற்சியும் நேர மேலாண்மையும் சொல்லிக்கொடுப்பது எளிது. காளவாசல் தொழிலாளியின் முன்பணக் கடனைத் தள்ளுபடி செய்வது எளிதல்ல.

இந்தச் சுருக்கத்தால் யாருக்கு ஆதாயம் என்பதற்கும் ஆவணம் உண்டு. அமெரிக்க வழக்குகளின் விளைவாகப் புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியாயின. அவற்றைப் படித்து மார்க் பெட்டிக்ரூவும் கெல்லி லீயும் 2011இல் எழுதிய கட்டுரை, செல்யேயின் ஆய்வுக்கு அந்நிறுவனங்கள் நிதி அளித்ததையும், புகைத்தல் நெருக்கடியைத் தாங்க உதவும் என்ற கோணத்தில் அவர் பேசியதையும் காட்டுகிறது. மாரடைப்புக்குச் சிகரெட் காரணமல்ல, அழுத்தம்தான் காரணம் என்ற வாதம் விற்பவருக்கு எவ்வளவு வசதியானது என்று விளக்கத் தேவையில்லை. செல்யேயின் எலிகள் பொய் சொல்லவில்லை. அறிவியல் கண்டுபிடிப்பு இதனால் தள்ளுபடியாகாது. ஆனால் அழுத்தத்தை எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடமே பொறுப்பையும் சுமக்கும் என்பதை இந்த வரலாறு மறக்கவிடவில்லை.

தொலைந்த பாதியை மீட்டவர்கள் வேலைத்தலங்களை ஆராய்ந்தவர்கள். 1979இல் ராபர்ட் கராசெக், வேலையின் கெடுபிடி மட்டும் நோய் தருவதில்லை, கெடுபிடி மிகுந்து தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும் இடத்தில்தான் தருகிறது என்றார். லண்டனில் 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு 10,308 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. பதவிப் படியில் கீழே போகப் போக இதயநோய் கூடியது. அந்தச் சரிவின் பெரும்பங்கை, வேலையின்மேல் ஊழியருக்கு இருந்த கட்டுப்பாட்டின் அளவு விளக்கியது. உயர் அதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம் என்ற பொதுநம்பிக்கை அங்கே உடைந்தது. 1993இல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும், திரும்பத் திரும்ப ஈடுகொடுப்பதால் உடலில் சேரும் தேய்மானத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் தகவமைப்புச் சுமை எனலாம். தேதியில்லாத சுமைக்கு உடலிலேயே கணக்கு எழுதப்படுகிறது என்பது இதனால் உறுதிப்பட்டது.

இனி நம் நிலத்துச் சான்றுகள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களின் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் காசு. எப்போது வெட்டுவது என்பது ஆலையின் கையில். வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினரின் பொருள் அடகில் இருந்தது, வெட்டுக்குப் பின் 4 விழுக்காடு. அதே மனிதர்கள் சிந்தனைத் தேர்வில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகளும் பின் 5.45 விடைகளும் சரியாகச் சொன்னார்கள். ஏழைக்கு அறிவில்லை என்ற பழியைப் பணம் வந்த சில வாரங்கள் துடைத்துவிட்டன. ஆனால் இந்த ஆய்வில் என்னை நிறுத்தும் இடம் வேறு. ஆய்வாளர்கள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். அவை வெட்டுக்கு முன் கூடுதலாகவே இருந்தன. ஆனால் அந்த அளவுகளைக் கழித்த பின்னும் சிந்தனை வேறுபாடு நின்றது. எனவே இது ஸ்ட்ரெஸ் மட்டுமல்ல, கவனத்தைக் கடன் பிடித்துக்கொள்வதன் விளைவு என்றார்கள். செல்யேயின் வரையறையில் அது சரி. லசாரஸின் வரையறையில், கையிருப்பை விஞ்சிய சுமையால் கவனம் பறிபோவதுதான் அழுத்தம். ஒரே எண்கள் வரையறைக்கேற்பப் பெயர் மாறுகின்றன. வரையறைச் சண்டை வெறும் சொற்சண்டை என்போர் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழ்நாட்டின் காளவாசல்கள், உப்பளங்கள், வயல்கள், தொழிற்கூடங்களில் வெப்பத்தை ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். வெப்பநிலை, ஈரப்பதம், அனல், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காணும் அளவு அது. சரியாகச் சொன்னால் புழுக்கத்தின் அளவு. 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. அவர்களுடைய முந்தைய ஆய்வொன்றில் இன்னொரு செய்தி உண்டு. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். சிறுநீர்ப்பாதைத் தொல்லைகள் வந்தன. இங்கே வெப்பம் சுமை. தண்ணீர் அதற்கு விடை. விடை கையெட்டும் தூரத்தில் இருந்தும் அதை எடுக்க முடியாமல் செய்தது கழிப்பறை இல்லாமை. இதை அந்தப் பெண்ணின் மனத்தில் தேடினால் கிடைக்காது. அவளுடைய மதிப்பீடு முற்றிலும் சரியாகவே இருக்கிறது.

கூலிமுறையும் இதில் சேரும். காளவாசலில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது கணக்கு. பருவம் தொடங்கும்போதே முன்பணம் வாங்கியாகிவிட்டது. நிழலில் உட்கார்ந்தால் கல் குறையும், கல் குறைந்தால் கடன் நிற்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தால் கட்டிப்போடுவதைக் குற்றமாக்கியும், காளவாசல்களில் மீட்கப்படுவோர் பற்றிய செய்திகள் நின்றபாடில்லை. கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, அளவுக்கூலிக்கு உழைத்தவர்களுக்கு ஒரே வேலைநாளில் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 மடங்குக்கு மேல் இருந்ததைக் கண்டது. வெயிலைக் கணக்கில் எடுத்த பின்னும் கூலிமுறை சிறுநீரகம் வரை இறங்கியிருக்கிறது.

எதிர்வாதங்கள் வலுவானவை. வெப்பம், கடன், கழிப்பறை எல்லாம் அழுத்தம் என்றால் அச்சொல்லுக்குப் பொருளே மிஞ்சாது என்பார்கள். சுமையை மட்டும் அழுத்தம் என்றால்தான் அந்தக் குறை வரும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரைக் காண வைகைக் கரையில் கூடுவோரும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். மயங்கி விழுபவரும் உண்டு. ஆனால் அவர்கள் தாமே வந்தவர்கள், நீர்மோர்ப் பந்தலுக்கு நகரலாம், வீட்டுக்குப் போகலாம். அங்கே உடல்சூடு இருக்கிறது, நான் சொல்லும் அழுத்தம் இல்லை. சுமையையும் விலகும் வழியையும் தனித்தனியே அளந்து சேர்த்துப் பார்க்கும் வரையறை, எல்லாவற்றையும் உள்ளே விடாது. இரண்டாவது எதிர்வாதம் தனிமனித வேறுபாடு. ஒரே கடனில் ஒருவர் துவள்கிறார், ஒருவர் நிற்கிறார். ஷெல்டன் கோஹன் 1991இல் 394 நலமானவர்களின் மூக்கில் சளிக்கிருமிகளை இட்டு, அழுத்தம் கூடியவர்களுக்கே சளி கூடுதலாகப் பிடித்ததைக் காட்டினார். அவர் அளந்ததில் உணர்ந்த அழுத்தமும் ஒன்று. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். மருத்துவரின் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மனம்தான் உடனடியாகத் தொடக்கூடிய இடம்; ஆற்றுப்படுத்தல் துயரைக் குறைக்கிறது. ஆனால் யார் முதலில் துவள்வார் என்ற கேள்வியும், ஏன் இத்தனை பேர் துவள்கிறார்கள் என்ற கேள்வியும் வேறு வேறு. முதலாவதற்கான விடையை இரண்டாவதற்குக் கொடுக்கிறோம். மூன்றாவது, சான்றுகள் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை அல்ல என்பது. வைட்ஹாலில் கட்டுப்பாட்டின் அளவு பெரிதும் ஊழியர் வாய்மொழி; கரும்பு ஆய்வின் வழியில் பிற்பாடு வந்தவை எல்லாம் அதே வலுவில் முடிவு காட்டவில்லை. எனவே ஒவ்வொரு எண்ணையும் தனியே தாங்கிப்பிடிக்க நான் முயலவில்லை. லண்டன் அலுவலகம், கலிபோர்னியப் பண்ணை, தமிழ்நாட்டு உப்பளம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில், வெவ்வேறு உறுப்புகளில், அதே அமைப்பு தென்படுவதே வாதத்தின் பலம்.

இந்தியச் சட்டமும் இச்சொல்லைக் கையாள்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்ததாகவே, மாறாக நிறுவப்படும்வரை, கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. குற்றவாளியாகப் பார்த்த பார்வையிலிருந்து இது பெரிய நகர்வு, மனமார வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஒன்று மனத்தை மட்டும் பார்க்கிறது, மற்றொன்று உயிரிழந்த உடலை மட்டும். இடையிலுள்ள நீண்ட புழுக்கத்தை அளக்க, கோஹன் குழுவினர் 1983இல் வடித்த உணர்ந்த அழுத்த அளவுகோலின் தமிழாக்கங்களோடு ஆய்வு மாணவர்கள் போகிறார்கள். கடந்த ஒரு மாதத்தில் முக்கியமான விஷயங்கள் உங்கள் கையை மீறிப் போனதாக எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்று அது கேட்கும். அதே தாளில் இன்னும் மூன்று வரிகள் சேர்க்க இடமிருக்கிறது: கழிப்பறை எத்தனை அடி தொலைவில், முன்பணம் எவ்வளவு பாக்கி, நினைத்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்தால் கூலி எவ்வளவு போகும்.